பையைத் துழாவும் முன் பையனைக் கேளுங்கள்
இளையோர், கஞ்சா, வன்முறை, நட்பு வட்டம்: எங்கள் நிலைப்பாடு

கடலூர், சிதம்பரம் வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: பள்ளி, கல்லூரி வயதில் கஞ்சா புகைப்பவர்களுக்கு முதலில் சிகிச்சை வேண்டும். அவர்களுக்கு விற்பவர்களையும், அவர்களை வைத்தே விற்பவர்களையும் சட்டம் விடக் கூடாது.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 17 வயதுக்குள் கஞ்சா வகைப் போதையைப் பயன்படுத்துவோர் சுமார் 20 லட்சம் பேர்.

"கஞ்சா போதையில் வெட்டு" என்ற செய்தியைப் படித்துப் படித்து, கஞ்சாவுக்குப் பிறகுதான் வன்முறை வரும் என்று நம்பப் பழகிவிட்டோம். பல வீடுகளில் அது முன்பே வந்துவிடுகிறது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பா, வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் விழும் அடி, தெருவில் சாதி சொல்லி மிரட்டல் என்று வளரும் பிள்ளைகள் போதையை நாடும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. புகைக்கும் எல்லாரும் அடிபட்டவர்கள் அல்லர். ஆனாலும் கேட்காமல் விடுவது தவறு.

"சேர்க்கை சரியில்லை" என்பதும் பாதி உண்மைதான். முதல் இழுப்பு பெரும்பாலும் நண்பன் கையிலிருந்து வருகிறது. வீட்டில் நிம்மதி இல்லாதவன் அந்த வட்டத்தைத் தானே தேடியும் போகிறான். டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது அந்த வட்டம் மட்டுமே.

1996இல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரின் ராகிங்கில் கொல்லப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அது கஞ்சா வழக்கு அல்ல. ஆனால் சீனியர் சொன்னால் மறுக்க முடியாது என்ற அந்தப் பயம்தான், நீட்டிய சிகரெட்டையும் வாங்க வைக்கிறது.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கிய அடிமைப்பட்டவர் தானே முன்வந்து முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிறுவர்களை வைத்துப் போதைப்பொருள் விற்றாலோ கடத்தினாலோ, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை.

எங்கள் கோரிக்கைகள்:

1. கஞ்சாவுக்காக டி.சி. கொடுப்பதை நிறுத்தி, மாணவரை ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

2. பிடிபடும் மாணவரிடம் 64ஏ பற்றிக் காவல்துறை எடுத்துச் சொல்ல வேண்டும்.

3. கடலூர், சிதம்பரம் அரசு மருத்துவமனைகளில் இளையோருக்கெனத் தனி நேரத்தில் போதை மீட்பு ஆலோசனை வேண்டும்.

4. மீண்டு வந்த மாணவர்களையே பள்ளி, கல்லூரிகளில் பேச வைக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போதை மீட்பு உதவிக்கு 14446, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பையில் பொட்டலம் கிடைத்த அன்று கை ஓங்காதீர்கள். "யார் கொடுத்தது?" என்பதைப் பிறகு கேட்கலாம். "உன்னை யாராவது அடிக்கிறார்களா?" என்று முதலில் கேளுங்கள்.