மீஸான் ஓதியவருக்கு ஆங்கிலம் கடினமா?



சென்ற மாதம் ஒரு நாள் மக்ரிப் தொழுகைக்குப் பின், சேலையூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மதரஸாவில் ஐந்தாம் ஜும்ரா ஓதிக்கொண்டே, அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம் பயில்பவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். பட்டப்படிப்பை மட்டும், பின்னாளில் உத்தியோகத்துக்கு உதவுமென்று ஆங்கில வழியில் எடுத்திருந்தார். கையில் ஒரு பழைய தடித்த புத்தகம். அதனுள் மடித்து வைத்த வினாத்தாள். "ஹஜ்ரத், இந்தப் படிப்பை விட்டுவிடலாமென்று இருக்கிறேன். அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றார். தாம்பரத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்று மகனுக்குக் கட்டணம் செலுத்தும் அத்தா அவர்.

வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கைத்தொழில்கள் நசிந்ததைப் பற்றிய கேள்வி. 'அக்கவுண்ட் ஃபார்' என்று தொடங்கியிருந்தது. கைத்தொழில்கள் நசிந்த வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆயினும் 'அக்கவுண்ட்' என்றதும், கணக்குக் கேட்கிறார்கள் என்று எண்ணி, நினைவிலிருந்த புள்ளிவிவரங்களை எல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்திருக்கிறார். 'காரணம் கூறுக' என்பதே அந்தச் சொற்றொடரின் பொருள். இரண்டாம் முறையாக அதே தாளில் தோல்வி.

தோல்வியின் காரணத்தை அவர் கண்டுபிடித்த விதந்தான் எனக்கு வருத்தமளித்தது. தமக்குக் கடினமான ஆங்கிலச் சொற்கள் தெரியவில்லை என்று முடிவு கட்டி, அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் மேற்படிப்புக்குச் செல்வோர் எழுதும் தேர்வுக்கான சொற்பட்டியல் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, முதற்பக்கத்திலிருந்து மனனம் செய்யத் தொடங்கிவிட்டார். சுமார் 3,500 சொற்கள், அகர வரிசையில். அபேஸ், அபாஷ், அபேட்! இழிவுபடுத்து, நாணச் செய், தணி என்பன பொருள். ('அபேஸ்' என்பதற்கு நம்மூரில் வழங்கும் பொருள் வேறு.) ஒரே சாயலுள்ள மூன்று சொற்களை அடுத்தடுத்து ஏற்றினால் எது எதுவென்று எவருக்குத்தான் விளங்கும்? எதிர்ச்சொல் கேட்டும், சொல்லுக்குச் சொல் உறவு கேட்டும் வந்த வினாக்களை அந்தத் தேர்வு நடத்துபவர்களே 2011ஆம் ஆண்டில் நீக்கிவிட்டார்கள். பழைய பட்டியலோ இன்னும் நம் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எத்தனை சொல் வேண்டும் என்பதை அறிஞர்கள் எண்ணியே வைத்திருக்கிறார்கள். அன்றைய வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் ஆங்கில நூல்களைப் படிக்கத் திணறுவதைக் கண்டு, மிகுதியாகப் பயன்படும் சொற்களைப் பொறுக்கியெடுப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன. நம் மாணவரை வீழ்த்திய 'அக்கவுண்ட்' அந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கியது! இதற்கு மேல், கல்லூரிப் பாடநூல்களில் துறைதோறும் திரும்பத் திரும்ப வரும் சொற்களை, நியூஸிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். அவை 570 சொற்குடும்பங்கள் மட்டுமே. பாடநூலில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இவற்றிலிருந்து வருகிறது. செய்தித்தாளும் நாவலும் தடையின்றிப் படிக்க எட்டு, ஒன்பதாயிரம் குடும்பங்கள் வேண்டும் என்பது பால் நேஷன் என்பாரின் கணக்கு. அது பல்லாண்டுப் பயணம். தேர்வுக்கு முந்திய மாதத்தில் முடிகிற காரியமன்று.

இந்த 570இல் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இலத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. அங்கேதான் நமக்கும் ஐரோப்பியருக்கும் உள்ள வேற்றுமை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. ஆகவே நமக்கு 'உயர்ந்த ஆங்கிலம்' என்று தோன்றுவதில் பெரும்பகுதி, ஒரு பிரெஞ்சுக்காரருக்குத் தம் வீட்டுச் சொல்லின் சாயலிலேயே கிடைத்துவிடுகிறது. தமிழருக்கும் சீனருக்கும் அந்தச் சலுகை இல்லை. சீன மொழியில் தொலைபேசி 'மின்பேச்சு', கணினி 'மின்மூளை', இரயில் 'நெருப்பு வண்டி'. எல்லாம் அவர்களுடைய சொந்தச் சிறு சொற்களைக் கோத்துக் கட்டியவை. 'டெலிபோன்' என்ற ஓசை ஒரு சீன மாணவருக்கு எந்தக் குறிப்பும் தராது. ஓசை உதவாதபோது, சொல் கட்டப்பட்ட விதத்தைத்தான் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நமக்கும் அதுவே வழி.

நான் அந்த மாணவரிடம் கேட்டேன்: "தம்பி, மீஸான் ஓதியிருக்கிறீர் அல்லவா? அலிம, அல்லம, தஅல்லம, இஸ்தஃலம – பொருள் சொல்லும்." சிறிதும் தயங்காமல் சொன்னார்: அறிந்தான், கற்பித்தான், கற்றான், அறியக் கேட்டான். வேர் ஒன்று, எழுத்துக் கூடக் கூடப் பொருள் திரும்புகிறது. ஸர்ஃபு ஓதாத வாசகர்களும் இதை எளிதில் அறியலாம்: கிதாப் என்றால் நூல், காத்திப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது, மக்தப் என்றால் எழுத்துப் பயிலும் இடம். நான்குக்கும் வேர் 'க-த-ப' என்ற மூன்றெழுத்து.

இப்போது அவருடைய பொருளாதாரப் புத்தகத்தைத் திறந்தோம். 'டிஸ்ட்ரிபியூட்', 'கான்ட்ரிபியூட்', 'அட்ரிபியூட்'. மூன்றும் அந்த 570இல் உள்ளவை. மூன்றையும் அவர் மூன்று தனிச் சொற்களாக மனனம் செய்து மூன்றையும் குழப்பிக்கொண்டிருந்தார். இலத்தீனில் 'ட்ரிபியூ' என்ற வேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தல் என்று பொருள். 'டிஸ்' என்பது பிரிவைக் குறிப்பது: பிரித்துக் கொடு, விநியோகி. 'கான்' என்பது கூட்டு: பிறரோடு கூடிக் கொடு, பங்களி. 'அட்' என்பது திசை: ஒருவர்பால் சேர்த்துச் சொல், உரித்தாக்கு. "ஹஜ்ரத், இது முஜர்ரத், மஸீத் போலல்லவா இருக்கிறது!" என்றார். அன்றிரவு அவர் முகத்தில் முதன்முதலாகத் தெளிவைக் கண்டது அப்போதுதான்.

'க-த-ப'வுக்கு நேரான இலத்தீன் வேர் 'ஸ்கிரிப்ட்'. 'மானு' என்றால் கை. 'மானுஸ்கிரிப்ட்' கையெழுத்துப் பிரதி. 'ஸப்' என்றால் கீழ். ஒப்புக்கொண்டு அடியில் கையெழுத்திடுவது 'ஸப்ஸ்கிரிப்ஷன்', அதாவது இந்த இதழுக்கு நீங்கள் செலுத்தும் சந்தா. இன்றைய அரபியில் பங்குத் தொகைக்குக் கையெழுத்திடுவதை 'இக்திதாப்' என்கிறார்கள். அதுவும் எழுத்து வேர்தான். மருத்துவர் எழுதித்தரும் 'பிரிஸ்கிரிப்ஷன்' முன்னதாக எழுதி விதிப்பது. நோன்பு விதியாக்கப்பட்டதைக் கூறும் இறைவசனத்தில் வரும் வினைச்சொல்லும் எழுதுதல் என்ற வேரினதே என்பதை ஓதியவர்கள் அறிவார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலமே அரபியிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அல்ஜிப்ரா, அல்காரிதம், அட்மிரல், ஸோஃபா போன்றவை வந்தன என்பது உண்மை. 'மகஸின்' என்ற சொல்கூட மக்ஸன் – பண்டகசாலை – என்பதன் பன்மையிலிருந்து வந்ததே. நம் 'கஜானா'வும் அதே வேர். தமிழும் கட்டுமரத்தையும் சுருட்டையும் கொடுத்திருக்கிறது. ஆனால் கடலில் இவை சில துளிகள். அரபி நமக்குத் தருவது சொற்களை அன்று. வேரைத் தேடும் பழக்கத்தை.

கிரேக்கச் சொற்களுக்கோ, தமிழ் வழிக் கல்வியே சாவி. நம் மாணவர் எதைக் குறையென்று நாணினாரோ, அதுவே! ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒளிச்சேர்க்கை: 'போட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை. வெப்பமானி: 'தெர்மோ' வெப்பம், 'மீட்டர்' அளவி. நுண்ணோக்கி: 'மைக்ரோ' நுண், 'ஸ்கோப்' நோக்கி. கலைச்சொல் ஆக்கிய தமிழறிஞர்கள் கிரேக்கச் சொல்லைப் பிரித்து, உறுப்புக்கு உறுப்பு தமிழில் வைத்திருக்கிறார்கள். 1916இல் இராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் இதற்கென ஒரு சங்கமே தொடங்கினார்கள். நம் சமுதாயத்தில் பிறந்த மணவை முஸ்தபா அவர்கள், 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டு இருந்து, மருத்துவம், கணினி, அறிவியல் தொழில்நுட்பம் என்று கலைச்சொல் அகராதிகளாக வெளியிட்டு, 2017இல் மறைந்தார். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வர அவர் போட்ட பாலம் அது. அதே பாலத்தில் எதிர்த்திசையிலும் நடக்கலாம் என்பதை நாம் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை.

வேர் எங்கும் கைகொடுக்கும் என்று சொல்ல வரவில்லை. 'மானுஃபாக்சர்' என்றால் கையால் செய்தல்; இன்று எந்தத் தொழிற்சாலையில் கையால் செய்கிறார்கள்? வேரும் உருமாறும்: 'டிஸ்கிரைப்' என்பதிலுள்ள 'ஸ்கிரைப்', 'டிஸ்கிரிப்ஷன்' என்பதில் 'ஸ்கிரிப்ட்' ஆகிவிடும். 'அக்கவுண்ட்' போன்ற எளிய சொற்களோ சேர்க்கையால் பொருள் மாறுபவை. மணி அடித்தது, வெயில் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள் – எங்கும் யாரும் யாரையும் அடிக்கவில்லையே! அவ்வாறே 'அக்கவுண்ட் ஃபார்' காரணம் கூறு; 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' அதன் காரணமாக; 'டேக் இன்டு அக்கவுண்ட்' கருத்தில் கொள். இவற்றைத் தொடராகவே எழுதி, தொடராகவே மனத்தில் இருத்த வேண்டும். நம் பேச்சில் புகுந்து பொருள் மாறிப்போன சொற்களிலும் கவனம் தேவை. 'டவுட்' என்று நாம் சொல்வது கேள்வியை. ஆங்கிலேயர் செவியில் அது அவநம்பிக்கை.

அந்தத் தடித்த புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பதிலாக நாற்பது பக்க நோட்டு ஒன்று. பக்கத்துக்கு ஒரு வேர். நாளொன்றுக்கு மூன்று சொல், அவரவர் பாடப்புத்தகத்தில் எதிர்ப்பட்டவை மட்டும், எதிர்ப்பட்ட வாக்கியத்தோடு. மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள், வாரக் கடைசி, மாதக் கடைசி என்று பழைய பக்கங்களைத் திருப்ப வேண்டும். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகள் பழைய பாடத்தை நாள்தோறும் திருப்பி ஓதுவதை அறியாத வீடு நம்மில் ஏது?

போன வெள்ளிக்கிழமை அசருக்குப் பின் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தேர்வுக்கு மீண்டும் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். நோட்டில் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் தமிழ் வழியில் படிக்கும் அவருடைய தங்கை, திரைக்கு அப்பாலிருந்து, "அண்ணன் 'ஆட்டோ' என்றால் 'தானே' என்று எழுதியிருக்கிறார்கள், ஹஜ்ரத். தானே எழுதியது ஆட்டோகிராஃப், சரி. கேம்ப் ரோடு முனையில் நிற்கிற ஆட்டோ?" என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். தானே ஓடுவதால் ஆட்டோ என்றேன். ரிக்‌ஷாவுக்கு மட்டும் ஜப்பானுக்குப் போக வேண்டியிருந்தது: 'ஜின்-ரிக்கி-ஷா', மனிதன், ஆற்றல், வண்டி, மனிதனால் இழுக்கப்படும் வண்டி. மூன்றையும் ஜப்பானியர் எழுதுவது சீன எழுத்துகளில்.

"அப்படியானால் தானே ஓடுகிற, மனிதன் இழுக்கிற வண்டியா?" என்றாள் அவள். அண்ணன் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து எழுதிக்கொண்டார்.