பலகை மாட்டினால் கடமை முடிந்ததா?



சில வாரங்களுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் அறையின் விதிமுறைகளைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். வெண்பலகையில் ஒரு மண்டை ஓட்டையும் அதன்கீழ்க் குறுக்காக இரண்டு எலும்புகளையும் வரைந்து, "இஃது எதைக் குறிக்கிறது?" என்று வினவினேன். "கடற்கொள்ளையர் கப்பல், டீச்சர்!" என்று வகுப்பில் பாதிப்பேர் கூவினர். நால்வர் மட்டும் "ஆபத்து" என்றனர். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இந்தப் படம் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே அவளுடைய தந்தையாருடன் தொலைபேசியில் பேசினேன். அவர் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். அங்கே இரசாயனம் வந்திறங்கிய நீலநிற நெகிழிப் பீப்பாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாயில் தண்ணீர் நின்றுவிடும் நாள்களுக்காக நீர் நிரப்பி வைத்திருக்கிறார். "நல்லாக் கழுவித்தான் வெச்சிருக்கோம் டீச்சர். அந்தப் படத்தைப் பார்த்திருக்கேன். அங்க எல்லா டிரம்மிலயும் அது இருக்கும். அதனால பெருசா எடுத்துக்கல" என்றார்.

அவர் பொறுப்பற்ற மனிதர் அல்லர். பிள்ளைகள்பால் மிகுந்த அன்புடையவர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். குறி இருந்தது, அவர் கண்ணிலும் பட்டது, ஆனாலும் அஃது அவரிடம் எதையும் சொல்லவில்லை. இந்த உண்மைதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

'மருந்து' என்னும் சொல்

நான் நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். என் தாயார் பல்லாண்டுகள் 'மருந்தடிக்கும்' வேலை செய்தவர். களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் நம் மக்கள் 'மருந்து' என்றே அழைக்கின்றனர். உயிரைக் காப்பதும் மருந்து. உயிரைப் போக்குவதும் மருந்து! பெயரே இப்படி இருக்குமானால் அச்சம் எங்கிருந்து வரும்?

அக்காலத்தில் நம் தோட்டங்களில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட களைக்கொல்லி பாராகுவாட். அதை ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகலாம். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. உடலுக்குள் சென்றால் நுரையீரலைச் சிதைக்கும். தெளிப்பவர்களுக்கு நகங்கள் கெட்டு விழுவதும் மூக்கில் இரத்தம் வருவதும் உண்டு. என் தாயாரின் விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்ததை நான் சிறுமியாக இருந்தபோது கண்டிருக்கிறேன். கேட்டால், "மருந்து பட்டா அப்படித்தான்" என்பார்.

அந்தக் களைக்கொல்லி வந்த தகரக் கலன்களில் மண்டை ஓட்டுக் குறி இல்லாமல் இல்லை. ஆனால் அக்கலன் தோட்டத்துச் சாமான் கொட்டகையிலேயே இருந்தது. அங்கே நீர் கலந்து தெளிப்பானில் ஊற்றித் தருவார்கள். என் தாயார் முதுகில் சுமந்த தெளிப்பானில் எந்தக் குறியும் இல்லை, எந்த எழுத்தும் இல்லை. நஞ்சு காட்டுக்குள் சென்றது. எச்சரிக்கையோ கொட்டகையில் தங்கிவிட்டது. தோட்டத்தில் சிலர் மிச்சத்தைப் பானப் புட்டிகளில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு சென்றதும் உண்டு. அந்தப் புட்டியில் இருந்த படம் ஆரஞ்சுப் பழம்!

2002ஆம் ஆண்டில் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கில் தலைமையகம் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தோட்டப்புறப் பெண் தெளிப்பாளர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 சனவரி முதல் நாள்தான் முழுமையான தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக நம் தாய்மார்களைக் காக்க வேண்டிய பொறுப்பு, பெரும்பாலும் கொட்டகையில் இருந்த அந்த மண்டை ஓட்டின் மீதே விழுந்திருந்தது.

குறி இருந்தும் உயிர் போன கதை

இது தோட்டப்புறத்து ஏழைகளின் சிக்கல் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். நமக்கு வடக்கே உள்ள தாய்லாந்தில், சமுத் பிரகான் என்னும் ஊரில், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டுக் கைவிடப்பட்ட கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி ஒன்று பாதுகாப்பின்றிக் கிடந்தது. பழைய இரும்பு சேகரிப்போர் அதன் ஒரு பகுதியை எடுத்துச் சென்று பிரித்தனர். அதன்மேல் கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ்க் குறி இருந்தது. ஆயினும் அக்குறியின் பொருள் அவர்களுக்குத் தெரியவில்லை. எச்சரிக்கை வாசகமும் அவர்கள் மொழியில் இல்லை. விளைவு? மூவர் இறந்தனர், மேலும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். 2010இல் தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையிலும் இதே கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. அது தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியிலிருந்து வந்தது.

சமுத் பிரகானில் நடந்தது போன்ற நேர்ச்சிகளுக்குப் பிறகு உலக அறிஞர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். "எங்கள் குறி சரிதான், படிக்காதவன் செத்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று அவர்கள் இருந்துவிடவில்லை. இந்தியா உட்பட 11 நாடுகளில் 1650 பேரிடம் பல குறிகளைக் காட்டி, எது உடனே புரிகிறது என்று சோதித்தார்கள். அதன் பயனாக 2007 பிப்ரவரி 15இல் பன்னாட்டு அணுவாற்றல் முகவாண்மை புதிய குறியொன்றை அறிவித்தது. சிவப்பு முக்கோணத்துள் மூவிதழிலிருந்து பாயும் கதிர்கள், மண்டை ஓடு, தப்பி ஓடும் மனிதன் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. எழுத்தறியாதவரும் 'இங்கே நில்லாதே, ஓடு' என்று அறிந்துகொள்வார்.

நம் நாட்டிலும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதிகளில் மாட்டப்பட்டுள்ள சிவப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எழுத்துகளோடு, துப்பாக்கி நீட்டும் வீரரும் கைதூக்கி நிற்கும் மனிதரும் அதில் இருப்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் அது புரியும். ஆனால் தொழிற்சாலை இரசாயனக் கலன்களின் நிலை வேறு. 2013ஆம் ஆண்டின் இரசாயன வகைப்பாடு, முகப்புச்சீட்டு விதிமுறைகளின்படி எச்சரிக்கை வாசகங்கள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். அவ்விரண்டையும் தடுமாறிப் படிக்கும் நம் மூத்த தொழிலாளர்களுக்கும், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்களுக்கும் படம் ஒன்றே துணை. அந்தப் படத்தின் பொருளை யாராவது ஒருவர் சொல்லித் தந்திருக்க வேண்டும் அல்லவா?

எல்லாவற்றுக்கும் ஒரே கூச்சலா?

பீப்பாய் வைத்திருந்த அந்தத் தந்தையார் சொன்னதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். "எல்லா டிரம்மிலயும் அது இருக்கும்." இங்கே இன்னொரு பாடம் உள்ளது. எங்கும் எப்போதும் காணப்படும் குறி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஈரத் தரைக்கும் 'அபாயம்', உயர் அழுத்த மின்சாரத்திற்கும் 'அபாயம்' என்று எழுதினால், இரண்டாவது அபாயத்தை யார் மதிப்பார்?

எனவேதான் எச்சரிக்கையில் படிநிலை வகுத்துள்ளார்கள். இரசாயன முகப்புச்சீட்டில் 'பஹாயா' என்றிருந்தால் கடுமையான தீங்கு. 'அமாரான்' என்றிருந்தால் அதனினும் குறைந்த தீங்கு. இந்தியாவில் பூச்சிக்கொல்லிக் கலன்களில் நான்கு நிறங்கள் உள்ளன. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை குறையும். உயிரைப் பறிக்கக்கூடிய இடத்திற்கு மட்டுமே உச்சக் குறியைப் பயன்படுத்த வேண்டும். வெயிலில் வெளுத்துப்போன பலகையையும், ஆபத்து நீங்கிய பின்னும் தொங்கும் பலகையையும் அகற்ற வேண்டும். பொய் சொல்லும் பலகை, மெய் சொல்லும் பலகையின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பலகை கடைசி அரண். முதல் அரண் ஆபத்தையே நீக்குவது. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பணியாளருக்குத் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றைத் தரும் கடமையை முதலாளி மீது சுமத்தியுள்ளது. பலகையை மாட்டிவிட்டு, "படிக்காதது உன் குற்றம்" என்று சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. இரசாயனம் படிந்த வெறுங்கலன்களும்கூட 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவுகளே. உரிமம் பெற்றவர்கள்தாம் அவற்றைக் கையாள வேண்டும். அந்தப் பீப்பாயைச் 'சும்மா' கொடுத்தனுப்பியவர்கள் செய்தது உதவி அன்று.

ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதையும் நாமா சுமப்பது?" என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறேன். ஆனால் குறிகளைப் படிப்பதும் எழுத்தறிவுதான். உயிரெழுத்து, மெய்யெழுத்து போல இவையும் ஒருவகை எழுத்துகள். ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட பொதுமுறையில் இரசாயனக் குறிகள் மொத்தம் ஒன்பதுதான். 247 தமிழெழுத்துகளைக் கற்பிக்கும் நமக்கு ஒன்பது பெரிய சுமையா? அறிவியல் பாடத்திலோ நலக்கல்விப் பாடத்திலோ வாரம் ஒரு குறி, பத்தே மணித்துளிகள். போதும்.

கற்பிக்கும்போது ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். படத்தைக் காட்டினால் பிள்ளைக்குத் தானாகப் புரிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் 1971இலேயே இதை உணர்ந்தார்கள். அவ்வூர்ப் பேசுபால் குழுவின் பெயரே 'கடற்கொள்ளையர்'; பிள்ளைகளுக்கு மண்டை ஓடு விளையாட்டுச் சின்னமாகத் தெரிந்தது. ஆகவே குழந்தைகள் மருத்துவமனையினர், நாக்கை நீட்டி முகஞ்சுளிக்கும் பச்சைநிற முகமொன்றை வரைந்து நச்சுப் புட்டிகளில் ஒட்டச் செய்தார்கள். என் வகுப்பு மாணவர்கள் 'கடற்கொள்ளையர்' என்று கூவியது அறியாமையால் மட்டும் அன்று. அவர்கள் பார்த்த படங்கள் அவர்களுக்குக் கற்பித்தது அது.

பெற்றோர்களுக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள் நான்கு:

1. வேலையிடத்திலிருந்து வெறுங்கலன் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கழுவினாலும் வேண்டா.

2. வீட்டில் உள்ள துப்புரவு நீர்மத்தையோ களைக்கொல்லியையோ பானப் புட்டியிலும் குடிநீர்ப் புட்டியிலும் மாற்றி ஊற்றாதீர்கள். நஞ்சு எங்கே செல்கிறதோ அங்கே அதன் குறியும் செல்ல வேண்டும்.

3. கழிப்பறை கழுவும் அமிலத்தையும் துணி வெளுப்பானையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் நச்சுவளி வெளிப்படும்.

4. உங்கள் வேலையிடத்தில் காணும் குறிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். உங்களுக்குத் தெரியாத குறியென்றால் மேலாளரிடம் பொருள் கேளுங்கள். கேட்பது வெட்கம் அன்று; அஃது உங்கள் உரிமை.

கூடவே, இனி 'மருந்தடிப்பது' என்று சொல்லாமல் 'நஞ்சு தெளிப்பது' என்றே சொல்லிப் பழகுவோம். சொல் மாறினால் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் உயிரைக் காக்கும்.

நிற்க. அந்த மாணவியின் வீட்டுப் பீப்பாய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவள் தந்தையார் அதை அடுத்த நாளே தொழிற்சாலைக்குத் திருப்பிக் கொண்டு சென்றார். தம்மைப்போல் இன்னும் சிலர் எடுத்துச் சென்றிருப்பதை மேற்பார்வையாளரிடம் துணிந்து சொல்லியும் இருக்கிறார். இப்போது அவர்கள் வீட்டில் கடையில் வாங்கிய புதிய பீப்பாய் உள்ளது.

சென்ற வாரம் ஒன்பது குறிகளையும் அட்டையில் வரைந்து வரும்படி மாணவர்களைப் பணித்தேன். அவள் பத்தாவதாக ஒன்றை வரைந்திருந்தாள். முதுகில் தெளிப்பான் சுமந்த ஒரு பெண். அந்தத் தெளிப்பானின் மேல் ஒரு மண்டை ஓடு. என் தாயாரின் கதையை வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த அட்டையை என் தாயாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "அப்பவே இதை ஒட்டியிருக்கலாம்" என்றார்.

அப்போது ஒட்டாததை இப்போதாவது ஒட்டுவோம். ஒட்டியதைப் படிக்கவும் கற்றுக் கொடுப்போம்.