சைக்கிள் ரிப்பேரும் ஊழியம்தான்



சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கோயில் வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நானும் ஒருவன். எந்தத் தெருவிலிருந்து யார் சைக்கிளைக் கொண்டுவந்தாலும் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறோம். இதற்கு ரெண்டு பக்கமிருந்தும் பேச்சு வருகிறது. பள்ளிக்கூடத்தில் சிலர், "எல்லாம் மதம் மாத்தத்தான்" என்கிறார்கள். எங்கள் சபையில் சில பெரியவர்களோ, "வசனம் சொல்லாம பஞ்சர் ஒட்டுறது என்னடே ஊழியம்?" என்று கேட்கிறார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் நமக்குச் சைக்கிள் கொடுத்தது. இந்தத் திட்டம் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சைக்கிள் வந்த மாதிரி அதைப் பழுது பார்க்கிற ஆள் கூடவே வரவில்லை. நம் ஸ்டாண்டில் ஓரமாகக் காற்றில்லாமல் சாய்ந்து கிடக்கிற சைக்கிள்களை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நம்ம பக்கத்து உடைமுள்ளுக்குப் புது டயர், பழைய டயர் என்றெல்லாம் தெரியாது. பஸ் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வருகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பஞ்சர் என்றால் ரெண்டு நாள் லீவு. அப்பா கூலி வாங்கி வருகிற சனிக்கிழமை வரைக்கும் அது அப்படியே கிடக்கும்.

இதில் பாதி பஞ்சரே இல்லை என்பதுதான் வேடிக்கை. ராத்திரி காற்றடித்து வைத்தால் காலையில் இறங்கியிருக்கும். உடனே பஞ்சர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் ட்யூப் நைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்ற ரெண்டு நிமிஷம் போதும். நிஜமாகவே பஞ்சர் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் ஈரத்தோடு ஒட்டினால் மறுநாளே பிரிந்துவிடும். இதெல்லாம் எனக்கு ஆறு மாசம் முன்னால் தெரியாது.

சைக்கிள் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் போகப் பழகினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில், வேர்ல்டு விஷன் என்கிற கிறிஸ்தவ அமைப்போடு சேர்ந்து வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது. அடுத்து ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்குப் போனபோது உள்ளூர் ஆட்களுக்கு மெக்கானிக் பயிற்சியும் கொடுத்தார்கள். கொடுப்பதோடு வேலை முடியவில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ரிப்பேர் முடிந்ததும் ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு கைப்பிரதி வைத்து அனுப்புவோம். ஒருநாள் கீழத்தெரு அக்கா ஒருத்தி சைக்கிளோடு வந்தாள். நம் பள்ளியில் படித்தவள்தான், இப்போது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். பஞ்சர் ஒட்டினேன், காற்றடித்தேன், கேரியரில் கைப்பிரதியைச் செருகினேன். பிரேக்கை அழுத்திப் பார்க்கவில்லை. கட்டை தேய்ந்து போயிருந்தது. வாய்க்கால் பாலம் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விழுந்து முழங்காலில் நாலு தையல். பத்து நாள் வேலையில்லை, சம்பளமும் இல்லை.

நான் பார்க்கப் போனேன். அவள் அம்மா திட்டவில்லை. "தாள் வைக்க நேரம் இருந்துச்சு, பிரேக்கைப் பாக்க நேரம் இல்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை ஐயரிடம் போய்ச் சொன்னேன். (வெளியூர் டீச்சர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) அவர் யோவான் 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். இயேசு சீடர்களின் காலைக் கழுவுகிற இடம். எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான். ஆனால் எல்லார் காலையும் கழுவி முடித்துத் துணியை உடுத்தி உட்கார்ந்த பிறகுதான் அவர் போதிக்கவே ஆரம்பிக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். காட்டிக் கொடுக்கப் போகிறவன் காலும் அதில் உண்டு. கைப்பிரதி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ரிப்பேருக்கு வந்தவன் கையில் திணித்தால் அது கூலி கேட்கிற மாதிரிதான். அவன் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சைக்கிள் நம்ம கையில் இருக்கிறதே! இப்போது நாங்கள் வைப்பதில்லை. இது பிடிக்காமல் ரெண்டு அண்ணன்மார் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மதம் மாற்றத்தான் என்று சொல்கிற நண்பர்களுக்கு: வந்து பாருங்கள். யாரிடமும் பேர்கூடக் கேட்பதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னொருவர் கோபம்தான் எனக்கு நியாயமாகப் பட்டது. முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. "நீங்க தர்மம் பண்ணுங்கடே, நான் வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போவேன்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. சும்மா செய்கிறோம் என்று பெருமைப்பட்டோமே, அது அவர் வீட்டுச் சோற்றிலிருந்து எடுத்தது என்று யோசிக்கவில்லை. இப்போது ட்யூப், பிரேக் கட்டை, பால்ரஸ் எல்லாம் அவர் கடையில்தான் வாங்குகிறோம், காசு காணிக்கையிலிருந்து. ரிம் கோட்டம் எடுக்கிறது, ஹப் பிரிக்கிறது மாதிரிப் பெரிய வேலைகளை அவரிடமே அனுப்புகிறோம். முடியாதவர்களுக்குச் சபை கொடுத்துவிடும். அவரும் சில சனிக்கிழமை வந்து, நாங்கள் செயினைத் தப்பாக மாட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் சர்ச்சுக்கு வருகிறவர் இல்லை. ஆனால் எனக்கு வாத்தியார் அவர்தான்.

கீழத்தெரு அக்கா மறுபடி எங்களிடம் வரவில்லை. போன வாரம் அவள் தம்பி, ஏழாம் வகுப்பு படிக்கிறவன், அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். செயின் லூஸ். முதலில் முன் பிரேக், பின் பிரேக் ரெண்டையும் அழுத்திப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு இருப்போம். பழைய ட்யூப் வீட்டில் கிடந்தால் கொண்டுவாருங்கள், ஒட்டுப்போட உதவும்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்