சொளகும் கனநீரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் ஊர்களில் குதிரைவாலி புடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சொளகைத் தூக்கித் தட்டினால் உமி முன்னால் போய் விழும்; மணி பின்னால் தங்கும். எடை வித்தியாசமும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது.

சரி, இரண்டு மணிகள் உருவத்திலும் நிறத்திலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்து, எடை மட்டும் இம்மியளவு மாறினால்? எப்படிப் பிரிப்பது?

இயற்கையில் அப்படிப்பட்ட இரட்டையர்கள் நிறைய. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனில் சுமார் 6,400 அணுக்களுக்கு ஒன்று, மற்றவற்றைவிட இரு மடங்கு கனம். அதன் பெயர் டியூட்டீரியம். இப்படி எடையில் மட்டும் மாறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களைத்தான் ஐசோடோப் என்கிறார்கள். முழுக்க டியூட்டீரியத்தால் ஆன ‘கனநீர்’ ஒரு லிட்டர், சுமார் 1,100 கிராம் நிற்கும்.

விமான நிலையத்தில் உங்கள் பையை ஒரு துணித்துண்டால் துடைத்து, ஒரு மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று தேடும் அந்த வகை மெஷின்கள் பலவற்றில் நடப்பதும் ஒரு புடைத்தல்தான். மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, வாயு நிரம்பிய குழாயில் மின்புலத்தால் இழுக்கிறார்கள். சின்னது சீக்கிரம் வந்து சேரும். பெரியது வாயுவில் முட்டி மோதித் தாமதமாக வரும். இதற்கு ‘அயனி நகர்வு நிறமாலையியல்’ என்று பெயர்.

ஐசோடோப் இரட்டையர்களுக்கு உருவம் ஒன்றே என்பதால், குழாயில் வருகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் விஞ்ஞானிகள் வட்டப் பாதை போட்டுத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டார்கள். ஒரு சுற்றில் தெரியாத இடைவெளி பல சுற்றில் தெரிந்துவிட்டது! மொத்த எடை ஒன்றாகவே இருந்தாலும், கனமான அணு மூலக்கூறின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக்கூடச் சில சமயம் பிரித்துக் காட்டுகிறது.

இது துளியிலும் துளியைச் சோதிக்கிற வழி. டன் கணக்கில் வேண்டுமானால்? அருப்புக்கோட்டை வழியாகப் போகும் நான்குவழிச் சாலையின் கடைசியில், தூத்துக்குடியில், 1978-ல் கனநீர் ஆலை தொடங்கியது. பக்கத்து உர ஆலையின் வாயுவிலிருந்து டியூட்டீரியத்தைத் திரவ அம்மோனியாவுக்கு மாற்றி, படிப்படியாகச் செறிவூட்டும் முறை அங்கே இருந்தது. கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகள் இயங்கக் கனநீர் வேண்டும்.

நம் கண்மாயும் இதே வேலையைச் செய்கிறது. வெயிலில் லேசான நீர் முந்திக்கொண்டு ஆவியாகும். மிஞ்சுவதில் கனமானது கொஞ்சம் கூடும். அந்த அடையாளம் ஒரு கிணற்று நீரில் இருந்தால், அது தேங்கிக் காய்ந்த நீர் ஊறி வந்தது என்று ஊகிக்கலாம்.

ட்ரிடியம் என்ற மூன்றாவது ஹைட்ரஜன் வயதையே சொல்லும். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் அது மழையில் ஏராளமாகக் கலந்தது. சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். போர் தண்ணீரில் அது அறவே இல்லையென்றால், நாம் இறைப்பது தாத்தா காலத்து மழை.

அதாவது, செலவு நம்முடையது, சேமிப்பு அவர்களுடையது. கண்மாயைத் தூர்வாரினால்தான் பேரனுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.