சிக்கனக்காரி என்று சொல்லாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, மணலில் கூடாரம் அடித்துத் தங்க இடம் வாடகைக்கு விடுகிறார்கள். போன வருடம் நண்பர்கள் சிலரோடு அங்கே ஓர் இரவு தங்கினேன். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி ஜெய்சல்மேர் பாலைவனத்தில் நான்கு நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்திருந்தான். ஒரே ஒரு சின்ன காஸ் டப்பாவை வைத்துக்கொண்டு நான்கு நாளும் மூன்று பேருக்குச் சமைத்த கதையைச் சொன்னான். அரிசியை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. மணலில் குழி தோண்டி அடுப்பை இறக்கிவிட்டால் காற்று அண்டாது. முக்கால் வேக்காட்டில் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வைத்தால் மிச்சம் தானாக வெந்துவிடும். பருப்பு பக்கமே போகக் கூடாது, அது காஸைக் குடித்துவிடும். ரொம்ப மலிவாக முடிந்தது என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவன் சொன்ன ஒவ்வொன்றையும் எனக்கு ஏற்கெனவே ஓர் அக்கா செய்து காட்டியிருக்கிறார். அதே கடற்கரையில், அங்கிருந்து கொஞ்சம் தெற்கே. அவருக்கு யாரும் கை தட்டவில்லை.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் சில வருடங்கள் மாலைநேரப் பாடம் எடுத்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு மாசி மகத்துக்கு அவர்களோடு மாமல்லபுரம் போனேன். மகத்துக்கு முதல் நாளே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் கடற்கரையில் வந்து இறங்குகின்றன. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மாவைச் சமாதானம் செய்து அழைத்து வருவது அவர்கள் நம்பிக்கை. நான்கு கழியை நட்டு, புடவையையோ தார்ப்பாயையோ இழுத்துக் கட்டினால் வீடு. விடியலில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கேயே கல்யாணம் நடக்கும், சம்பந்தம் பேசி முடிக்கப்படும். புகைப்படக்காரர்கள் அந்த விடியலுக்காக வருகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் அத்தனை பேருக்கும் யார் எதை எரித்துச் சமைத்தார்கள் என்று நான் பார்த்த எந்தப் படமும் சொல்லவில்லை.

அக்கா வேலிக்காத்தான் கட்டை ஒரு கட்டும், சவுக்கு மிலார் ஒரு சாக்கும் கொண்டுவந்திருந்தார். ஷேர் ஆட்டோவில் அந்தக் கட்டுக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். ஏழு பேர், இரண்டு இரவு, ஒரு பகல். அவ்வளவுக்கும் அந்த ஒரு கட்டுதான். அரிசியை ஊறவைத்து, தண்ணீர் வடித்து, துணியில் முடிந்தே எடுத்து வந்திருந்தார். மணலில் முழங்கை ஆழம் பறித்து மூன்று கல் வைத்தார். நான் உதவுகிறேன் என்று ஒரு கல்லை நகர்த்தினேன்.

“அடுப்பு வாய கடலப் பாத்து வெக்காத டீச்சரு. காத்து பூந்து வெறகத் துன்னுடும்.”

சோறு கொதித்ததும் கட்டைகளை வெளியே இழுத்து மணலில் அணைத்தார். அடுத்த வேளைக்கு அவை வேண்டும். மிச்சக் கங்கில் சோறு தானாக வெந்தது. சோற்றுப் பானை இறங்கியதும் அதே கங்கில் கருவாட்டுக் குழம்பு. குழம்பு இறங்கியதும் பக்கத்துக் கூடாரத்துப் பெண் தன் பானையை ஏற்றினார். தன் பங்குக்கு இரண்டு கட்டை கொடுத்தார். கடைசியில் கங்கைச் சாம்பலால் மூடி வைத்தார்கள், விடியலில் தீக்குச்சி செலவில்லாமல் ஊதி எழுப்ப. கடையில் பருப்பு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். “காத்து துன்றது பத்தாதா, பருப்பு வேற துன்னணுமா?”

ஜெய்சல்மேர் தம்பியின் பாடம் முழுக்க இதில் அடங்கிவிட்டது. அவனுக்கு அது திறமை, அனுபவம், ஊர் திரும்பிச் சொல்ல ஒரு கதை. நான்காம் நாள் அவன் வீட்டுக்குப் போய் காஸைத் திருகினான். அக்காவுக்கு ஐந்தாம் நாளும் உண்டு, ஐயாயிரமாவது நாளும் உண்டு. அவருக்கு அது வறுமை என்று பெயர். நம்மில் கொஞ்சம் நல்லவர்கள் அதற்குச் ‘சிக்கனம்’ என்று பெயர் வைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடுதான் சண்டை.

ஏனென்றால் அந்தச் சொல்லை நான் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள். என் அம்மா செங்கல்பட்டு டவுனில் வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தியவள். ரேஷன் கெரசின் தேதிக்கு விடியற்காலையில் கேனோடு வரிசையில் நின்றவள். கெரசின் தீர்ந்தால் மரத்தூள் அடுப்பு. மர அறுவை மில்லில் சாக்குக் கணக்கில் தூள் வாங்கி, நடுவில் பாட்டிலை நிறுத்தி இடித்து இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைப்பாள். அப்பா வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார்: “இவ கைப்பட்டா ஒரு லிட்டர் கெரசின் ஒரு வாரம் ஓடும். சரியான சிக்கனக்காரி.” அம்மாவின் முகம் மலரும். அந்தப் பாராட்டைக் காப்பாற்றவே அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாள். அறுபது தாண்டியதும் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. டாக்டர் முதலில் கேட்டது, பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று. இல்லை என்றதும் அடுத்த கேள்வி: “எதுல சமைச்சீங்கம்மா?” அம்மா அப்போதும் பெருமையாகத்தான் சொன்னாள்: “மரத்தூள் அடுப்பு டாக்டர். செலவே கெடையாது.”

செலவு இருந்தது. அவள் நுரையீரலில் எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் எத்தனை பேரை உயிரோடு இருந்தபோது சிக்கனக்காரி என்று மெச்சியிருப்பார்கள்?

தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. அது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அரிசியை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. விலையில்லா அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஓர் அடுப்பு இருக்கிறது. அந்த அடுப்பை எரியவைக்கும் பொறுப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் பெண்ணின் தலைச்சுமையாக நிற்கிறது. குறைந்த விலையில் ரேஷனில் துவரம் பருப்பும் உண்டு. விறகை எண்ணி எண்ணி எரிக்கும் வீட்டில் பருப்பை எப்படி வேகவைப்பது? குழந்தைக்குப் பருப்பு கொடு என்று அக்காவுக்குச் சொல்லித் தருகிறவர்கள், பருப்புச் சட்டி அடுப்பில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களா? சத்துக் குறைவுக்குத் தாயின் அறியாமையைக் காரணம் காட்டுவது சுலபம். இங்கே தாய்க்கு எல்லாம் தெரியும். விறகுதான் இல்லை.

‘காஸ்தான் கொடுத்துவிட்டார்களே’ என்பார்கள். ஆமாம், கொடுத்தார்கள். 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெண்ணின் பெயரில்தான் வரும். 2021இல் வந்த இரண்டாம் கட்டத்தில், ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்கள் முகவரிக்குத் தாங்களே எழுதித் தரும் உறுதிமொழி போதும் என்றார்கள். இரண்டையும் வரவேற்கிறேன். அக்கா வீட்டிலும் சிவப்பு சிலிண்டர் இருந்தது. அதன் மேல் பலகை போட்டுத் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார். 14.2 கிலோ சிலிண்டரை மறுபடி நிரப்ப முழுப் பணத்தையும் முதலில் எண்ணி வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்ந்த மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். அன்றன்றைய கூலியில் அன்றன்று அரிசியும் எண்ணெயும் வாங்கும் வீட்டில், ஒரே நாளில் எண்ணூறு ரூபாய்க்கு மேல் எங்கிருந்து வரும்? ஐந்து கிலோ சிலிண்டர் கடையில் கிடைக்கிறது. முகவரிச் சான்றுகூட வேண்டாம். ஆனால் அப்படி வாங்கினால் மானியமும் இல்லை. ஆக, மொத்தமாக வாங்க முடிந்தவருக்குச் சலுகை, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவருக்குச் சந்தை விலை. பெயர் பெண்ணுக்கு, படம் விளம்பரத்துக்கு, புகை மறுபடி பெண்ணுக்கு.

சரி, விறகாவது அவர்களுடையதா? மாமல்லபுரத்தின் இரு பக்கமும் நீளும் சவுக்குத் தோப்புகளைப் பாருங்கள். இந்தக் கரையில் சவுக்கு பரவியதே விறகுக்காகத்தான். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கும் மெட்ராஸ் பட்டணத்து அடுப்புகளுக்கும் எரிக்க நட்டார்கள். அந்தத் தோப்புகளில் உதிர்ந்த சருகை அள்ளினாலும் இன்று காவல்காரர் விரட்டுகிறார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்பதில் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அது வன நிலத்துக்கான சட்டம். இந்தச் சமவெளியில் பெண்கள் சுள்ளி பொறுக்குவது ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் அடுத்தவர் தோப்பிலும். மிச்சமிருந்தது வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற உத்தரவிட்டது. நிலத்தடி நீர் பற்றி எவ்வளவோ பேசினார்கள். அந்த முள்ளை நம்பி உலை வைக்கும் பெண் அடுத்த நாள் எதை எரிப்பாள் என்ற கேள்வி என் காதில் விழவில்லை. மரத்தை வெட்டாதே என்று நான் வாதாடவில்லை. வெட்டுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். இருளர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். நாற்பது வருடத்துக்கு மேல் கழிந்தும், அடுத்தவர் விற்கும் மரத்தை வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை. ஊருக்கு விறகு பிளக்கிற கையில் தன் அடுப்புக்குச் சுள்ளி இல்லை.

இனி நம் பக்கத்து ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ‘அது அவர்கள் பண்பாடு, இயற்கையோடு ஒட்டிய வாழ்க்கை’ என்று ஒரு சாரார் உருகுகிறார்கள். மாசி மகம் பண்பாடு. ஏழு படி பண்பாடு. கண் எரிய ஊதுவது பண்பாடு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘விறகடுப்புச் சமையல்’ என்று பலகை வைத்துக் கூடுதல் விலை வாங்குகிறார்கள்; அந்த ருசியை மெச்சுகிறவர் யாரும் ஊதுகுழலைத் தொட்டவர் இல்லை. தோழிகளில் சிலர் வேறொன்று சொல்கிறார்கள்: பெண்ணுக்குக் காஸ் கொடு என்று கேட்பது அடுப்படியைப் பெண்ணுக்கே எழுதிக் கொடுப்பதாகாதா? நியாயமான கேள்வி. அடுப்படியிலிருந்து வெளியே வர வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் சுள்ளி பொறுக்க ஒரு பொழுது, ஊதி எரிக்க ஒரு பொழுது என்று போகிறவளுக்கு வெளியே வர நேரம் எங்கே? அந்த ஆண்களும் சுமக்கட்டும், ஊதட்டும், தேவைதான். அந்தப் பங்கீட்டுச் சண்டையைப் போடவும் அவளுக்கு மூச்சு வேண்டும்.

அவருடைய அறிவைப் போற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. போற்றுதல் எப்படி வேலை செய்யும் என்று அப்பாவிடம் பார்த்துவிட்டேன். கேட்பது வேறு. 1982லிருந்து விரிந்து வந்த சத்துணவு மையங்களில் அரிசி, பருப்போடு எரிபொருள் செலவையும் அரசு தன் கணக்கில்தான் எழுதுகிறது. உலை எரியாமல் உணவு இல்லை என்று அரசுக்குத் தெரியும். அதே கணக்கை வீட்டுக்கும் போடட்டும். விலையில்லா அரிசி வாங்கும் ஏழை வீடுகளுக்கு அதை வேகவைக்கும் காஸும் விலையில்லாமல் வரட்டும். முடியாதென்றால், ஐந்து கிலோ சிலிண்டரை மானியம் கழித்த விலையில் ரேஷன் கடையிலேயே, வாரக்கூலி வாங்கும் நாளில் வாங்க வழி செய்யட்டும். அது வரும்வரை புறம்போக்கிலும் அரசுத் தோப்பிலும் விழுந்த மரத்தைப் பொறுக்குகிற பெண்ணை யாரும் திருடி என்று விரட்டக் கூடாது. மாசி மகத்துக்குக் குடிநீர் லாரியும் விளக்கும் கழிப்பறையும் கேட்கிறோமே, அந்தப் பட்டியலில் பொது அடுப்பையும் எழுதுங்கள்.

அன்றிரவு எங்கள் கூடாரத்து வாசலில் ‘கேம்ப் ஃபயர்’ போட்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம். நல்ல உலர்ந்த சவுக்குக் கட்டை. அக்கா கொண்டுவந்த கட்டைவிட நிச்சயம் பெரியது. அதன்மேல் ஒரு பானைகூட ஏற்றவில்லை. பாட்டுப் பாடினோம், படம் எடுத்தோம், குளிர் தெரியவில்லை. விடியும்போது எல்லாம் சாம்பல். ஏழு பேருக்கு இரண்டு இரவுச் சோற்றை வேடிக்கைக்கு எரித்துவிட்டு எழுந்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.