எந்த ஊருப்பா நீ?



வெளிமாநிலத் தொழிலாளர்கள் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரையைப் படித்துவிட்டுச் சின்னமனூர் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். “செங்கல் சூளை, ஓட்டல், கட்டட வேலை, எங்கே பார்த்தாலும் புது முகம். இதில் யார் ஜார்க்கண்டு, யார் வங்கதேசம் என்று நமக்கு என்ன தெரியும்? போலீஸ் ரோட்டில் நிறுத்திக் காகிதத்தைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? தப்புச் செய்யாதவனுக்கு எதற்குப் பயம்?” என்று கேட்கிறார். கடிதத்தில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது. இந்த மாதப் பக்கம் அவருக்கான பதிலாகவே இருக்கட்டும்.

அவருடைய கவலையை வீண் பயம் என்று தள்ள மாட்டேன். 2025 ஜனவரியில் பல்லடம் பக்கம் முறையான ஆவணமில்லாமல் தங்கியிருந்த வங்கதேசத்தவர் பலரைப் போலீஸ் கைது செய்தது நடந்த விஷயம். உள்ளே வருபவர் யார் என்று கேட்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. யாரை நிறுத்திக் கேட்பது, எதை வைத்துச் சந்தேகப்படுவது என்பதில்தான் வம்பு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். திருட்டு வழக்கென்றால் நான் திருடினேன் என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். அயல்நாட்டவர் சட்டத்தில் இது தலைகீழ். “நீ இந்தியன் இல்லை” என்று அரசு சொன்னால், “இல்லை, நான் இந்தியன்தான்” என்று நிரூபிக்கும் பாரம் அந்த ஆளின் தலையில் விழும். வெள்ளைக்காரன் காலத்து 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குடியேற்றச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. புதிய சட்டத்தின்படி தலைமைக் காவலரே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம்.

இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தால் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாமா? கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அஸ்ஸாமைச் சேர்ந்த ரஹீம் அலி என்பவரின் வழக்கு அது. கண்ணில் பட்ட ஒருவரைப் பிடித்து, “உன் மேல் சந்தேகம், நிரூபி” என்று சொல்ல 9ஆவது பிரிவு அனுமதிக்கவில்லை. சந்தேகத்துக்கு அடிப்படையாக ஏதாவது ஒரு விவரமாவது அரசின் கையில் முதலில் இருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பெயரின் எழுத்தும் தேதியும் ஆவணத்துக்கு ஆவணம் கொஞ்சம் மாறுவதை வைத்து ஒருவரை அந்நியர் ஆக்கிவிடக் கூடாது என்றும் சொன்னார்கள். ரஹீம் அலி இந்தியர்தான் என்று தீர்ப்பு வந்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

எழுத்து மாறும் விஷயத்தில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? அப்பா பெயரின் முதல் எழுத்து ரேஷன் கார்டில் முன்னால் இருக்கும், பான் கார்டில் பின்னால் போயிருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கிடக்கும். எங்கள் சந்தாதாரர் பட்டியலில் ஒரே முத்துப்பாண்டிக்கு மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கிறது. மூன்றும் அவரே எழுதி அனுப்பியவை!

சரி, ஆதாரைக் காட்டினால் போதாதா என்றால், போதாது. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆதார், பான், வாக்காளர் அட்டை வைத்திருப்பதாலேயே ஒருவர் இந்தியக் குடிமகன் ஆகிவிட மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் சொன்னது. பிறகு எதைக் காட்டுவது? 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் அதுவே போதும். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். எது எப்படியானாலும் பிறந்ததற்குக் காகிதம் வேண்டும். மூங்கில் தட்டிக்குப் பின்னால் மருத்துவச்சி கையில் பிறந்த நம் ஊர்ப் பாட்டிகளிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

2025 மே மாதத்துக்குப் பிறகு வட மாநிலங்களில் இந்தக் காகிதச் சோதனை வேகம் பிடித்தது. வங்காளம் பேசும் கூலித் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து விசாரித்தார்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியை டெல்லியில் பிடித்து, கணவரோடும் சிறு மகனோடும் ஜூன் மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கே வங்கதேசப் போலீஸ், அத்துமீறி நுழைந்ததாக அவர்களைச் சிறையில் வைத்தது. வெளியேற்றியது செல்லாது, நான்கு வாரத்தில் அழைத்து வர வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணும் மகனும் ஊர் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. தப்புச் செய்யாதவருக்கு எதற்குப் பயம் என்று கேட்ட நண்பர் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் எங்கோ வடக்கே நடப்பது என்று நாம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிறைந்து, நம் பெண்கள் கேரளத்தின் இடுக்கி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார்கள். திருவிதாங்கூர் காலத்திலிருந்தே ஏறி இறங்கும் மலை இது. 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போன பிறகும் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. இடையில் சில நாள் நின்ற காலங்கள் நமக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து இறங்கினார்கள். அப்போது மேலே யாரும் காகிதம் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வருகிற பேச்சே போதுமாக இருந்தது. கீழே நாமும் சளைத்தவர்களாக நடந்துகொள்ளவில்லை; கேரளப் பதிவெண் பார்த்து வண்டிக் கண்ணாடியை உடைத்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் நேர்மையாக இருக்காது. 2020 ஊரடங்கில் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் பாஸ் இல்லாமல் நகர முடியவில்லை. செல்போனில் விண்ணப்பம் போடத் தெரியாத கூலிக்காரர்களுக்குத்தான் பாதை முதலில் அடைபட்டது.

2021-ல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வான அ. ராஜாவின் வழக்கும் நம் மலைக்கதைதான். தனித் தொகுதியில் அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. மதம் பற்றிய கேள்வியோடு, அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து 1950-க்கு முன்பே மலையேறி வந்துவிட்டார்களா என்பதும் வழக்கில் வாதத்துக்கு வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு எம்.எல்.ஏ. தன் தாத்தா எந்த வருஷம் மலையேறினார் என்று உச்ச நீதிமன்றம் வரை போய்க் காட்ட வேண்டியிருந்தது. ஏலத்தோட்டத்துக் கூலிப் பெண்ணால் அது ஆகிற காரியமா?

இலங்கையிலிருந்து வந்தவர்களின் கதை இன்னும் நீளம். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனோ பாட்டன் பூட்டனோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டு, மலையகத் தோட்டத் தமிழர் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். முகாம்களின் பெயர்ப்பலகையில் ‘அகதிகள்’ போய் ‘மறுவாழ்வு’ வந்துவிட்டது. ஆனால் அவர்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீஸின் பதிவேடு தொடர்கிறது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பாலேயே இந்தியர் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு 2022-ல் வென்றார். 2024 தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தார். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாயாது என்று மத்திய அரசு விலக்கு அளித்திருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்த விலக்கு தண்டனைக்குத்தான். குடியுரிமை இன்னும் எட்டவில்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்குதான் ஓடுகிறது. 2010-ல் அரிசோனா மாநிலம், வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர் மீது சந்தேகம் எழுந்தால் அவருடைய குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2012-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தன் முன் வந்த பிரிவுகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. இந்த ஒரு பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இன்று பாஸ்போர்ட் நகலைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்று பெற்றோர்கள் சொல்லக் கேட்கிறேன்.

ஆகவே, சின்னமனூர் நண்பரே, என் கருத்து இதுதான். போலீஸ் விசாரிக்கட்டும், கையில் ஒரு தகவலோ புகாரோ வைத்துக்கொண்டு விசாரிக்கட்டும். நிறத்தையும் பேச்சையும் கட்டியிருக்கும் கைலியையும் பார்த்துச் சாலையில் நிறுத்துவதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. ஆள் விவரம் வேண்டுமென்றால் ஆள் கூட்டி வந்தவரிடம் கேட்கலாம். வெளிமாநிலத் தொழிலாளிக்குப் புகைப்படத்தோடு பாஸ்புக் கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-லேயே வந்த சட்டம் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் அதைக் கொடுத்தார்கள்?

சூளையும் தோப்பும் ஓட்டலும் நடத்தும் வாசகர்கள் தங்களிடம் வேலை செய்பவர்களின் பெயர், ஊர், வேலைக்குச் சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுதி, கையெழுத்திட்டு அவர்கள் கையிலும் ஒரு நகல் கொடுங்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். வீட்டில் அப்படிப் பேரனோ பேத்தியோ இருந்தால், சான்றிதழில் பெயரும் பெற்றோர் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்