576 கோடுகளுக்குள் ஒரு வீடு

ஹவுரா சாந்த்ராகாச்சியில் நண்பர் ஒருவர் வீட்டுப் பரணை ஒழித்தபோது பதினோரு வி.எச்.எஸ். கேசட்டுகள் கிடைத்தன. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, போய்ச் சேர்ந்துவிட்ட அவருடைய அப்பா பதிவு செய்து வைத்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் சாய்ந்த தமிழெழுத்து. ஒன்றில் 'ஏ ஜோ ஹை ஜிந்தகி' என்ற தூர்தர்ஷன் நகைச்சுவைத் தொடரின் பெயரை எழுதி, அதன் கீழே 'அழிக்காதே' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். எழுதியது போதாதென்று கேசட்டின் ஓரத்திலிருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துப் போட்டிருந்தார். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிவு செய்ய முடியாது. வீட்டில் மற்றவர்கள் செல்லோடேப் ஒட்டிச் சமாளிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளாதவரை.

ஹவுராவின் ஈரக் காற்று நாடாக்களை விட்டுவைக்கவில்லை. ஐந்து கேசட்டுகளில் வெள்ளைப் பூசணம். ஓடிய ஒன்றில் முதலில் படம் வழுக்கிக் கீழே விழுந்தது, பிறகு நின்றது. ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் நடிகர் சதீஷ் ஷாவின் முகம் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தது. ரிமோட்டைக் குடைந்து நாலுக்கு மூன்று என்ற பழைய சட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மனிதர் மனிதராக ஆனார். பத்து நிமிடத்தில் வீடே சிரித்துக்கொண்டிருந்தது. நண்பரின் மகள்தான் கேட்டாள்: "அப்பா, இது எச்.டி.ல வராதா?" நண்பர் சொன்னார்: "இதுக்கெல்லாம் யாரும்மா செலவு பண்ணுவா?"

மகள் கேட்டது முடியுமா என்று. அப்பா சொன்னது தகுமா என்பதற்கான பதில். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தத் தலையங்கம்.

முடியுமா என்பது எதில் படமெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1951இல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' தொடங்கியபோது லூசில் பாலும் டெசி அர்னாஸும் லாஸ் ஏஞ்சலிஸை விட்டு நகர மறுத்தார்கள். விளம்பரதாரருக்கோ கிழக்குக் கரையில் மங்கலான படம் போகக்கூடாது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு 35 மி.மீ. பிலிமில் எடுக்கிறோம், அந்தப் பிலிம் எங்களுக்கே சொந்தம் என்று தம்பதி ஒப்பந்தம் போட்டார்கள். ஊரை விட்டுப் போக மறுத்த பிடிவாதத்தால் அந்தத் தொடரை இன்றும் பளிச்சென்று பார்க்க முடிகிறது. இருபது ஆண்டு கழித்து, 1971இல் வந்த 'ஆல் இன் தி ஃபேமிலி' காந்த நாடாவில் பதிவானது. அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. பிலிமில் கண்ணுக்குத் தெரியாத விவரம் உறங்கிக்கிடக்கும். நல்ல ஸ்கேனர் அதை எழுப்பிவிடும். நாடாவில் பதிந்தது பதிந்ததுதான். அன்றைய தூர்தர்ஷன் படத்தில் கோடுகள் மொத்தம் 625, அதில் கண்ணுக்குப் படுவது 576. இன்றைய முழு எச்.டி.யில் 1080. நடுவில் இருக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் கோடுகளையும் எவராவது கற்பனை செய்துதான் நிரப்பவேண்டும்.

அந்தக் கற்பனைக்குத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பழைய தொடர்களை 4கே ஆக்கிவிட்டதாக இணையத்தில் போடுகிறார்கள். உற்றுப் பாருங்கள்: கன்னத்தில் மெழுகு பூசியிருக்கும், பின்சுவரில் தொங்கும் காலண்டரின் எழுத்து எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாக மாறியிருக்கும். நம் கோயில்களில் திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சிச் சிற்பங்களைச் சுத்தம் செய்தார்களே, அந்த வேலைதான் இது. கல் பளபளத்தது, விரல் நகமும் ஆபரண வேலைப்பாடும் உதிர்ந்துபோயின. அழுக்கோடு இருந்த சிற்பத்தில் சிற்பி இருந்தான்.

பிலிம் இருந்தாலும் பிழைத்தோம் என்று சொல்ல முடியாது. 'சைன்ஃபெல்டு' பிலிமில் எடுத்த தொடர்தான். எச்.டி.யாக்கும்போது அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டினார்கள். ஒரு அத்தியாயத்தின் பெயரே 'சாலைப் பள்ளம்'. வெட்டிய வெட்டில் அந்தப் பள்ளமே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் அதைப் பார்த்தவர்கள் பள்ளத்தைத் தேடினார்கள். நகைச்சுவைக்குச் சட்டம் என்பது இலக்கணம். யார் எங்கே நிற்கிறார், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1984இல் தொடங்கிய 'ஏ ஜோ ஹை ஜிந்தகி'யில் சதீஷ் ஷா வாராவாரம் வேறு வேறு ஆளாக வந்தார். விக்கும் ஒட்டுமீசையும் அன்றைய பெட்டியின் மங்கலை நம்பி ஒட்டப்பட்டவை. தெளிவைக் கூட்டினால் முதலில் தெரிவது பசைதான். 2025 அக்டோபரில் அவரும் போய்விட்டார். இயக்கியவர்களில் ஒருவரான குந்தன் ஷா, எழுதிய சரத் ஜோஷி, கணவனாக நடித்த ஷஃபி இனாம்தார் எல்லோரும் முன்பே போய்விட்டார்கள். மீசையின் பசையைக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அப்படியானால் தகுதி இல்லை என்கிறோமா? இல்லை. அந்தக் கேசட்டில் எங்களைப் பிடித்து நிறுத்தியது கதை மட்டுமல்ல. ஒரு வரவேற்பறை. சோபா, ஜன்னல் திரை, தொலைபேசி வைத்த இடம், விருந்தாளி வந்தால் யார் எழுந்து நாற்காலி தருகிறார் என்பது. சினிமா வீட்டைப் பெரிதாக்கிக் காட்டியது. செய்திப்படம் வீட்டுக்குள் வரவேயில்லை. எண்பதுகளின் நடுத்தரக் குடும்பம் எந்த அகலத்தில் வாழ்ந்தது என்பதற்குச் சிட்காம் என்னும் நகைச்சுவைத் தொடர்தான் சாட்சி. 'நுக்கட்' தெருமுனையைக் காட்டியது, ஆர்.கே. லக்ஷ்மணின் மனிதனை வைத்து வந்த 'வாக்லே கி துனியா' மாதச் சம்பளத்தைக் காட்டியது. ஹவுராவில் அன்று தமிழுக்கு ஏது வழி? ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் எப்போதாவது வரும் தமிழ்ப் படம். எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் நாடகங்கள் ஆடியோ கேசட்டாக, அப்போது ஹவுராவிலிருந்தே புறப்பட்டு இப்போது ஷாலிமாருக்கு இடம் மாறிவிட்ட கோரமண்டல் ரயிலில், யாருடைய பெட்டியிலாவது வரும். மற்ற நாட்களில் இந்திக்காரர் வீட்டுக் கூடத்தைப் பார்த்து நம் வீட்டை நினைத்துச் சிரித்தோம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தந்த 'ரமணி vs ரமணி' பின்னாளில் நம் மொழியிலேயே அந்தக் கூடத்தைக் கட்டியது.

சிரிப்புக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை போடுகிறோம். இதே ஹவுராவில், சிப்பூரில் வாழ்ந்த நாராயண் தேப்நாத் 1962 முதல் 'ஹாந்தா போந்தா' படக்கதையை வரைந்தார். வங்காளத்தில் அதைப் படிக்காத குழந்தை இல்லை. பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. அடுத்த ஆண்டே மறைந்தார். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் முதலில் ராமாயணத்தை எடுத்து வந்தது; 'தேக் பாய் தேக்', 'ஸ்ரீமான் ஸ்ரீமதி' பின்னால் வந்தன. எங்கள் வீட்டில் ஒருவரும் கோடுகளை எண்ணவில்லை.

வாங்க ஆளில்லை என்பார்கள். ஒரு காலத்தில் இருந்தார்கள்; மோசர் பேயர் 28 ரூபாய்க்கு வி.சி.டி. விற்றபோது குறுந்தகடு வீட்டுக்கு வீடு போனது. இன்று அந்த நிறுவனமும் இல்லை, வீட்டில் தட்டு ஓட்டும் பெட்டியும் இல்லை. ஆனால் சில நூறு பிரதி அச்சடிக்கும் எங்களைப் போன்ற சிற்றிதழ்க்காரர்களிடம் வந்து, வாங்குகிறவர் எண்ணிக்கைதான் தகுதி என்று யாரும் சொல்லவேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொல்கத்தாவில், காலேஜ் ஸ்ட்ரீட்டை ஒட்டிய டேமர் சந்தில் 1978இல் சந்தீப் தத்தா சிற்றிதழ்களுக்கென்று ஒரு நூலகம் தொடங்கினார். தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் குப்பையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்த கோபத்தில், சொந்த வீட்டின் தரைத்தளத்தில் தொடங்கியது. 2023இல் மறையும்வரை அதை நடத்தினார். எந்த இதழ் தகும், எந்த இதழ் தகாது என்று அவர் தராசு பிடிக்கவில்லை. முதலில் சேர்த்தார். தரம் பார்க்க நேரம் பிறகு உண்டு.

தொலைக்காட்சிக்கும் அந்த வரிசைதான் வேண்டும். உலகெங்கும் நிலையங்கள் ஒளிநாடாவின் விலைக்குப் பயந்து ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிந்தன, பி.பி.சி. அப்படி அழித்துவிட்டு, 'டாக்டர் ஹூ'வின் பழைய அத்தியாயங்களை இன்றுவரை சேகரிப்பாளர்களிடம் தேடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நாங்கள் கேட்பது இது. மூல நாடா நொறுங்கும் முன்பு அதை முழுதாக, பழைய சட்டத்திலேயே, தலைப்பு முதல் பெயர்ப்பட்டியல் வரை, வெட்டாமல் எண்ணிமத்துக்கு மாற்றவேண்டும். பிலிம் கிடைத்த தொடருக்கு எச்.டி. தரவேண்டும், அது உரிமை. நாடாவில் மட்டும் இருப்பதற்கு அதன் 576 கோடுகளும் ஒழுங்காக இருந்தால் போதும். மெழுகு வேண்டாம்.

பதினோரு கேசட்டுகளும் இப்போது எங்கள் அலுவலகத்தில், அரிசி டப்பாவுக்குள், மருந்து பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இருக்கின்றன. நண்பர் வீட்டு வி.சி.ஆர். இரண்டாவது கேசட்டைப் போட்டதும் நாடாவைக் கடித்துவிட்டது. ஓடுகிற நிலையில் வி.சி.ஆர். வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு கார்டு போடுங்கள். நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம்.

— ஆசிரியர், ஹவுரா